கள்ளுக்குப் புள்ளி போடுவது எப்படி: வன்னித் தவறணைக்குப் புதிதாக வருபவருக்கு

பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து யூலை விடுமுறைக்கு வந்திருந்தார். கிராஃப்ட் பியர் பைத்தியம். எங்கே எந்தச் சின்ன ஆலையில் புதுப் பியர் ஊற்றினாலும் போய்க் குடித்து, போனில் அன்டாப்ட் செயலியைத் திறந்து, ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த மிடறு குடிப்பார். அவரை ஒரு பின்னேரம் பூநகரிப் பக்கம் ஒரு தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, கூட்டிக்கொண்டு போனேன். ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கொடுத்த பனங்கள்ளில் ஒரு மிடறு குடித்தார், முகத்தைச் சுளித்தார், போனை எடுத்து 2.5 என்று போட்டார்.

நான் மணியைப் பார்த்தேன். நாலரை. ஊற்றித் தந்தவரிடம், "அண்ணை, இது எப்ப இறக்கினது?" என்று கேட்டேன். "விடிய ஆறரைக்கு. பின்னேரக் கள்ளு இன்னும் வரேல்லை, தம்பி" என்றார். பத்து மணித்தியாலம் பிளாஸ்ரிக் கலனுக்குள் வெயிலில் கிடந்த கள்ளுக்குத்தான் அண்ணன் இரண்டரை போட்டிருக்கிறார். விடியச் சுட்ட அப்பத்தை இராத்திரி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, சுட்டவளுக்குப் புள்ளி போட்ட மாதிரி.

போத்தல் பியர் என்பது வேலை முடிந்த சாமான். ஆலையில் புளிக்கவைத்து, வடித்து, அடைத்து அனுப்பிவிட்டார்கள். கிளிநொச்சியில் திறந்தாலும் கொழும்பில் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே ருசி, ஆகவே ஒரு பெயருக்கு ஒரு புள்ளி போதும். கள்ளு உங்கள் கையில் இருக்கும்போதும் புளித்துக்கொண்டேயிருக்கிறது. மணி போடாத புள்ளி கள்ளுக்குச் செல்லாது. நான் இந்த வழிகாட்டியை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு விசயத்துக்காகத்தான். மிச்சமெல்லாம் இதைச் செய்து பார்ப்பதற்கான வழிமுறைகள்.

போவதற்கு முன்

இலங்கைச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது, கள்ளும் அதற்குள் அடங்கும். போயா நாளில் தவறணை பூட்டு. கர்ப்பிணிகள், ஈரல் வருத்தக்காரர், மருந்து எடுப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். வெறுவயிற்றோடு போகாதீர்கள். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அல்லது குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏ9 வீதியில் இரவு லொறிகள் வரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

காலமும் பார்க்க வேண்டும். பனங்கள்ளுக்கு மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பனையில் ஏறுவதே பாடு, ஏறினாலும் சாறு பிடிக்கக் கட்டுகிற பானையான முட்டிக்குள் மழைத் தண்ணீர் கலந்துவிடும். தென்னை வருசம் முழுக்கப் பாளை தரும், அதனால் மாரியில் வருபவர்கள் தென்னங்கள்ளோடு தொடங்கலாம். பனைக்குப் பூநகரிப் பக்கம், தென்னைக்கு முல்லைத்தீவுக் கரையோரம் என்பது என் கணக்கு, ஆனால் எந்த ஊரிலும் இரண்டும் இருக்கும். சண்டைக் காலத்தில் பங்கருக்குத் தறித்ததும் செல் விழுந்து தலை போனதுமாக வன்னியில் அழிந்த பனைகள் கொஞ்சமல்ல. சில காணிகளில் இப்போதும் மொட்டை மரங்கள் நிற்கின்றன.

கள்ளுக்குள் என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொண்டால்தான் நாக்கு சொல்வது புரியும். பொறுமையாகப் படியுங்கள்.

சீவல் தொழிலாளி பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, கட்டி, நுனியை மெல்லிதாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார். காலையும் பின்னேரமும் ஏறி இப்படிச் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். ஆண் பனையென்றால் விரல் விரலாக நீண்ட கதிர்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், பெண் பனையென்றால் பிஞ்சு பிடிக்கும் பாளையையே சீவுவார்கள். சொட்டுகிற சாறு வெறும் இனிப்பு. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சீனி, அதுவும் பெரும்பாலும் நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற அதே சுக்ரோஸ். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாறு புளிக்காது, அதுதான் கருப்பணி; காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் முதல் சொட்டு விழும்போதே புளிப்பு தொடங்கிவிடும்.

யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலிருந்தும், பாளையிலிருந்தும், நேற்றைய முட்டியின் சுவரில் ஒட்டியிருந்ததிலிருந்தும் அது தானே வந்து சேர்கிறது, கூடவே இரண்டு வகைப் பக்டீரியாக்களும். மூன்று கூட்டம், மூன்று வேலை. லக்டிக் அமிலப் பக்டீரியா தயிர்ப் புளிப்பைத் தரும். ஈஸ்ட் சீனியைத் தின்று வெறியையும் (அற்ககோலைத்தான் சொல்கிறேன்) வாயுவையும் தரும், நுரை அந்த வாயுதான். கடைசியாக அசெட்டிக் அமிலப் பக்டீரியா, காற்றுப் பட்ட இடமெல்லாம் வெறியை வினாகிரி ஆக்கும். மூன்றும் வரிசையில் நின்று வேலை செய்வதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். முதலில் இனிப்பு, நடுவில் நுரையும் வெறியும், கடைசியில் வினாகிரி என்று மேலோங்குவது மட்டும் மாறிக்கொண்டு போகும். சாற்றில் 12 சதவீதம் சீனி இருந்து அத்தனையும் புளித்தால் 7 சதவீதம் அளவுக்கு அற்ககோல் வரும். நாங்கள் குடிக்கும் நேரத்தில் வழமையாக 4 முதல் 6 வரை நிற்கும். லாகர் பியர் ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். "கள்ளுத்தானே" என்று சொல்லி மூன்று போத்தல் குடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

விடிய இறக்கும் முட்டி முதல் நாள் பின்னேரம் கட்டியது. அதாவது "உடன்கள்ளு" என்று நாங்கள் ஆசையாகக் குடிப்பதில் ஒரு பங்குக்கு ஏற்கெனவே பன்னிரண்டு மணித்தியால வயது. அதனால் நான் இறக்கிய நேரத்தைப் பூச்சியமாக வைத்து எண்ணுகிறேன். பகல் முழுக்க வெயிலில் தொங்கிய பின்னேரக் கள்ளு, இரவுக் குளிரில் ஊறிய விடியற் கள்ளைவிடக் கொஞ்சம் முந்தியே புளித்து வருகிறது, என் நாக்குக்கு அப்படித்தான் படுகிறது.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் சட்டென்று "அப்ப இது லாம்பிக் மாதிரி" என்றார். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காய்ச்சுகிற பியர் அது. குளிர்காலத்தில் காய்ச்சி, ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஓர் இரவு திறந்து வைப்பார்கள், காற்றில் உள்ள ஈஸ்ட் வந்து விழும், பிறகு மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருசம் கிடக்கும். அதன் புளிப்புக்கு உலகத்தில் தனி இரசிகர் கூட்டம் உண்டு, போத்தல் விலையும் அப்படி. லாம்பிக்குக்கு நாலரை நட்சத்திரம் போட்ட மனிசன், அதே வேலையை ஒரே நாளில் முடிக்கிற கள்ளுக்கு இரண்டரை போட்டிருக்கிறார். இதை நான் சபையில் பல தடவை சொல்லிக் காட்டியாகிவிட்டது.

வீட்டிலேயே மூக்கைப் பழக்குங்கள்

கள்ளு குடித்தே பழகாதவர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் ஆட்களுக்கு அதன் மணம் குழந்தைப் பருவத்திலேயே தெரியும். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்ப மாவின் வாளியை விடியத் திறந்தபோது வந்த மணம் நினைவிருக்கிறதா? அதுதான் அடிப்படை. எங்கள் வீட்டில் ஆகக் கூர்மையான மூக்கு அண்ணிக்கு. ஒரு கரண்டிக்கு மேல் கள்ளு குடித்தவர் அல்ல, ஆனால் மாவுக்கு வாங்கி வரும் கள்ளை மணந்து பார்த்து "இது நேற்றையது, கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தவறணைக்குப் போவதற்கு முதல் நாள் நாலு கிளாஸ் எடுங்கள். ஒன்றில் தயிரைத் தண்ணீர் விட்டு நன்றாக அடித்து வையுங்கள். அடுத்ததில் ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தென்னங்கள்ளு வினாகிரி. மூன்றாவதில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சீனி, பாண் போடுகிற ஈஸ்ட் ஒரு சிட்டிகை, அரை மணித்தியாலம் விடவேண்டும். நாலாவதில் நுங்குத் தண்ணீர், இல்லாவிட்டால் இளநீர். கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது மாற்றி மாற்றி நீட்டச் சொல்லி மணந்து பாருங்கள், பிறகு வாயில் வைத்துப் பாருங்கள்.

இதில் முக்கியமானது முதல் இரண்டும். இரண்டையும் "புளிப்பு" என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம், அங்கேதான் பிழை. தயிர்ப் புளிப்பு நாக்கின் இரண்டு பக்கத்தையும் மெதுவாக இழுக்கும், மூக்கில் ஏறாது. வினாகிரிப் புளிப்பு வாய்க்குள் போகும் முன்னமே மூக்கைக் குத்தும், விழுங்கும்போது தொண்டையைச் சுரண்டும். முதலாவது நல்ல கள்ளின் இலட்சணம், இரண்டாவது வயது போன கள்ளின் அடையாளம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த அன்றே நீங்கள் தவறணையில் பாதிப் பேருக்கு மேலே.

தவறணையில்

விடியக் கள்ளு வந்து சேரும் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். போனதும் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு இறக்கினது, பனையா தென்னையா, ஒரு மரத்துக் கள்ளா கலந்ததா. கூட்டுறவுத் தவறணையில் பல பேருடைய கள்ளு ஒன்றாகச் சேர்ந்துதான் வரும், அது குறையல்ல, பெல்ஜியக்காரனும் வயது வித்தியாசமான லாம்பிக்குகளைக் கலந்து கெஸ் என்று விற்கிறான். ஆனால் குறிப்பில் "கலப்பு" என்று எழுதிவிடுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். கொப்பியும் பேனையுமாகப் போய் நின்றால் கலால் திணைக்களத்து ஆள் என்று நினைப்பார்கள். நான் முதன்முதல் இறக்கிய நேரம் கேட்டபோது, சீவல் தொழிலாளி ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், "ஏன், போத்தலிலை திகதி அடிக்கப் போறியே?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அவரே எனக்குக் கத்தியைக் காட்டி, எவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும் என்று விரல் நகத்தைக் காட்டி விளக்கினார். பியர் உலகத்தில் காய்ச்சுகிறவரைக் கலைஞர் என்று கொண்டாடுகிறார்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு தடவை அத்தனை மரம் ஏறி இறங்குகிறவரை "அண்ணை", "ஐயா" என்று மரியாதையாகப் பேசுங்கள், அவர் முன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள், புள்ளியை வீட்டில் போய்ப் போடுங்கள்.

ஒரு கண்ணாடிக் கிளாஸ் கொண்டுபோங்கள். பிளாவில் குடிப்பதில் உள்ள சுகம் வேறு, மடித்த பச்சை ஓலையின் வாசனை கள்ளோடு சேர்ந்து வரும், அதனால்தான் ருசி பார்க்கும்போது அது வேண்டாம் என்கிறேன்: ஓலைக்குப் புள்ளி போட்டுவிடுவீர்கள். முதலில் கிளாஸில் ருசி பார்த்துக் குறித்துவிட்டு, மிச்சத்தைப் பிளாவில் ஊற்றிக் குடியுங்கள். ஐஸ் போடாதீர்கள். குளிரில் மணம் அடங்கிவிடும், குற்றங்களும் சேர்ந்து ஒளிந்துவிடும்.

ஒரு ருசிக்கு 60 மில்லிலீற்றர் போதும், பெரிய இரண்டு மிடறு. பியர் நடுவர்கள் வைன்காரர்களைப் போல் துப்புவதில்லை, விழுங்கித்தான் பார்ப்பார்கள்; கள்ளிலும் தொண்டையில் சுரண்டுகிறதா என்பதை விழுங்காமல் சொல்ல முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு நாலு ருசிக்கு மேல் போகாதீர்கள். ஐந்தாவதுக்கு எல்லாக் கள்ளும் நல்ல கள்ளுத்தான்.

பார், மண, குடி

பார்க்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உடன்கள்ளு கஞ்சித் தண்ணி போல் மங்கிய வெள்ளை. அந்த மங்கல் அழுக்கல்ல, மிதக்கிற ஈஸ்ட்டும் பக்டீரியாவும். கண்ணாடிப் பியரைப் பார்த்துப் பழகியவர்கள் இதற்குப் புள்ளியை வெட்டுவார்கள், வெட்டக்கூடாது. பார்க்க வேண்டியது நுரையை: சின்னச் சின்னக் குமிழியாக அடியிலிருந்து விடாமல் ஏறிக்கொண்டிருந்தால் ஈஸ்ட் உற்சாகமாக இருக்கிறது. குமிழியே இல்லாமல் அடியில் மண்டி படிந்து மேலே தெளிந்திருந்தால் சீனி முடிந்துவிட்டது. பூச்சி, தும்பு மிதந்தால் வடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். முன்பு மட்டையடியில் வலைபோல இருக்கிற பன்னாடையால்தான் வடிப்பார்கள். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துவைக்கும், ஆட்களைப் "பன்னாடை" என்று ஏசுவது அதனால்தான்.

மணப்பதற்குக் கிளாஸின் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு சுழற்று, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ச் சின்னதாக இரண்டு தடவை இழுங்கள். ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் மூக்கு களைத்துவிடும், களைத்தால் உங்கள் சட்டைக் கையை மணந்து பாருங்கள், பழைய நிலைக்கு வரும். முதலில் என்ன நினைவு வருகிறதோ அதை எழுதுங்கள். "நறுமணம்", "இனிய வாசனை" என்று எழுதினால் பிறகு உங்களுக்கே விளங்காது. என் கொப்பியில் இருப்பவை: அப்ப மா, நுங்குக் கோம்பை, பனம்பழத்தைத் தணலில் வாட்டியது, பழஞ்சோற்றுத் தண்ணீர், ஈரச் சாக்கு, லேசான அவித்த முட்டை. கடைசியில் சொன்னது பனங்கள்ளில் கொஞ்சமாக வந்தால் பயப்பட வேண்டாம், கிளாஸை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி மணந்தால் பெரும்பாலும் போய்விடும். போகாத மணங்கள் இரண்டு: வினாகிரி, நகப்பூச்சு அழிக்கிற திரவம். இரண்டாவது வந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிடுங்கள்.

குடிக்கும்போது முதல் மிடறு வாயைக் கழுவ, அதற்குப் புள்ளி இல்லை. இரண்டாவது மிடறை நாக்கின் மேல் முழுக்கப் பரவவிட்டு மூன்று எண்ணுங்கள். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்கிறதா. பியரில் இனிப்பைச் சமன்படுத்துவது ஹொப்ஸ் என்கிற பூவின் கசப்பு. கள்ளில் கசப்பு கிடையாது, அந்த வேலையைப் புளிப்பு செய்கிறது, ஆகவே கள்ளு ருசியென்பது இந்த இழுபறியைப் பார்ப்பதுதான். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், அப்போது பின்னுக்கு ஒரு மணம் வரும், நல்ல பனங்கள்ளில் எனக்கு நுங்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது. சுண்ணாம்பு வழுவழுப்புத் தெரிந்தால், கருப்பணி முட்டியைக் கழுவாமல் கட்டியிருக்கிறார்கள்.

வாயில் கனம் எப்படி என்று பாருங்கள். உடன்கள்ளு கொஞ்சம் தடிப்பாக, நாக்கில் ஒட்டுவது போல இருக்கும், நேரம் போகப் போகச் சீனி குறைந்து தண்ணீராகும். வாயு நாக்கைக் குத்துவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

புள்ளித் தாள்

வெளிநாட்டுப் பியர்ப் போட்டி நடுவர்களுக்கென்று 50 புள்ளித் தாள் ஒன்று இருக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய்க்கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன், தோற்றத்துக்கு மூன்றே மூன்று கொடுத்திருப்பது கள்ளுக்கு நல்லதாகப் போய்விட்டது. சேர்த்தது ஒன்றுதான்: புள்ளிக்கு முன்னால் மணி. "4/36" என்றால் இறக்கி நாலு மணித்தியாலத்தில் முப்பத்தாறு. மணியில்லாத புள்ளியை நான் எவர் சொன்னாலும் ஏற்பதில்லை, அண்ணன் சொன்னாலும்.

புதியவர்கள் முதல் ஐந்தாறு தடவை புள்ளி போடாமல் சொற்களை மட்டும் எழுதுவது நல்லது. எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போடும் இலக்கம் அடுத்த மாதம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நான் தொடக்கத்தில் 47 போட்ட ஒரு கள்ளு இப்போதைய கணக்கில் 35 தாண்டாது.

பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள், இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரே கள்ளில் ஒரு போத்தல் வாங்கி, மூடியைத் தளரவிட்டு, நிழலில் வைத்து, மூன்று நேரம் ருசி பாருங்கள். வைகாசியில் ஒரு நாள் நான் எழுதியது இது. பனை, ஒரு மரம், ஆண். 1/38: இனிப்புத்தான் முன்னுக்கு, அப்ப மா மணம் மெல்லிசு, நுரை பொங்குகிறது, இன்னும் பிள்ளைக் கள்ளு. 5/43: இனிப்புக் குறைந்து தயிர்ப் புளிப்பு வந்துவிட்டது, விழுங்கிய பின் நுங்கு, நாக்கில் குத்தல், இன்னொரு கிளாஸ் கேட்கிறது. 11/21: மூக்கில் வினாகிரி, தண்ணீராகிவிட்டது, அண்ணிக்கு மாவுக்குக் கொடுக்கலாம். ஒரே மரம், ஒரே முட்டி, மூன்று புள்ளி. எந்தப் புள்ளியை அந்த மரத்தின் பெயருக்கு எழுதுவீர்கள்?

உங்களுக்கு இறக்கி 1 மணித்தியாலமான கள்ளு பிடிக்கலாம், தவறணையில் பழைய ஆட்கள் பலர் 8 மணித்தியாலம் தாண்டிய கள்ளுக்குத்தான் கிளாஸ் நீட்டுவார்கள், இனிப்புக் கள்ளைக் கண்டால் "சின்னப் பிள்ளையளுக்குக் குடு" என்பார்கள். இதில் சரி பிழை கிடையாது. ஆண் பனையா பெண் பனையா நல்லது என்பதும் அப்படித்தான், கேட்டுப் பாருங்கள், இரண்டு கட்சியும் விடிய விடியப் பேசும்.

சீனிக் கள்ளு

கள்ளு குறைகிற நாளில் சீனித் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு, கொஞ்சம் கள்ளு கலந்து விற்கிற ஆட்கள் உண்டு. வீட்டில் மூன்றாவது கிளாஸில் மணந்து பழகியது இதற்குத்தான். அப்ப மா மணத்துக்குப் பதிலாகப் பாண் மணம் முன்னுக்கு வந்து, இனிப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நாக்கில் நின்று, தயிர்ப் புளிப்பே இல்லாமல், விழுங்கிய பின் பனையும் தென்னையும் தெரியாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு குடும்ப விசேசத்துக்கு வாங்கிய இரண்டு கலன் அப்படி அமைந்தது, மாமா ஒருவர் அடுத்த நாள் முழுக்கத் தலையைக் கட்டிக்கொண்டு படுத்தார். தெரிந்த இடத்தில், கூட்டுறவுத் தவறணையில் வாங்குவதே புத்தி. களவாகக் காய்ச்சுகிற கசிப்பைப் பற்றி இங்கே எழுதவே மாட்டேன், அது ருசி பார்க்கிற சாமான் அல்ல.

வீட்டுக்குக் கொண்டுபோக

என் பிழையைச் சொல்கிறேன். முதல் தடவை பூநகரியிலிருந்து உடன்கள்ளை ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கழுத்து மட்டும் நிரப்பி, சிந்தாமல் இருக்க மூடியை இறுக்கி, பையில் வைத்து பஸ்ஸில் வந்தேன். பரந்தன் தாண்டும்போதே போத்தல் வீங்கிக் கல்லாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குசினியில் மூடியைத் திருகினேன். பாதிக் கள்ளு கூரைத் தகட்டில், மிச்சத்தில் பாதி அம்மாவின் மேல். கள்ளு மணம் அந்தக் குசினியை விட்டுப் போக இரண்டு நாளாயிற்று.

ஆகவே: போத்தலில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், மூடியை அரைத் திருகோடு விட வேண்டும், கண்ணாடிப் போத்தலை இறுக்கி மூடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டு நடுவில் நிறுத்தினால் புளிப்பு மெதுவாகும், நிற்காது. குறிப்பில் "ஐஸில் 3 மணி" என்று எழுதிவிடுங்கள், அந்த மூன்று மணியும் வெளியே இருக்கிற மூன்று மணியும் ஒன்றல்ல. ருசி பார்க்க முன் அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள்.

கடையில் விற்கிற போத்தல் கள்ளு வேறு வகுப்பு. அடைத்தபின் சூடாக்கி ஈஸ்ட்டை அடக்கிவிடுவதால் அது நின்றுபோன கள்ளு, பியரைப் போல மாதக்கணக்கில் இருக்கும். அதற்கு மணி தேவையில்லை, அடைத்த திகதியை எழுதினால் போதும். சூடாக்கியதில் ஒரு காய்ச்சிய வாசனை வரும், பனங்கட்டிச் சட்டியை நினைவூட்டும், சிலருக்கு அது பிடிக்கிறது. உடன்கள்ளோடு ஒரே வரிசையில் வைத்துப் புள்ளி போட்டால் இரண்டுக்கும் அநியாயம். தென்னங்கள்ளையும் பனங்கள்ளையும் அதே மாதிரித் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

கள்ளோடு கொறிக்கிற பைற்ஸ் விசயம் ஒன்று. ருசி பார்க்கும் வரை உறைப்பு வேண்டாம், மிளகாய் பட்ட நாக்கு ஒரு மணித்தியாலத்துக்கு எதற்கும் உதவாது. அவித்த மரவள்ளி, உப்பில்லாத கடலை, வெறும் தண்ணீர், அவ்வளவுதான். குறிப்பு எழுதி முடிந்ததும் கணவாய்ப் பொரியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அண்ணன் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் விடிய ஐந்தரைக்கே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். மரத்தடியில் நின்று, இறக்கின முட்டியிலிருந்து நேரே ஊற்றி வாங்கி, ஒன்றும் பேசாமல் கிளாஸை முடித்தார். போனை எடுத்தார். எட்டிப் பார்த்தேன், 4.25. "மணி போடுங்கோ" என்றேன். செயலியில் அதற்கு இடமில்லையாம். கடைசியில் குறிப்புப் பெட்டிக்குள் "பூச்சியம் மணி, பூநகரி" என்று எழுதிவிட்டு, இரண்டாவது கிளாஸை நீட்டினார்.